சிவப்புப் பொத்தானுக்கு ஒரு நிமிஷம் முன்பு

உலகத்தில் பாட்டுப் போடுகிறவர்கள் ஒரு ரகம். பாட்டுப் போடுவதற்கு ஏற்பாடு செய்கிறவர்கள் இன்னொரு ரகம். நாம் இப்போது பார்க்கப்போவது இரண்டாவது ரகத்தை. முதல் ரகத்தினரை நீங்கள் எங்காவது ஒரு மேடையில் பார்த்துவிடலாம். இவர்களைப் பார்க்க வீட்டுக்குத்தான் போகவேண்டும். கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து “ஒரு நிமிஷம்” என்று குரல் வரும். அந்த நிமிஷம் முடிந்து கதவு திறந்ததாக இதுவரை தகவல் இல்லை.

நமக்குக் கிடைத்த மாதிரியின் பெயர் குறுக்குவழியார். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது இப்போது ரேஷன் அட்டையைத் தவிர எங்கும் புழக்கத்தில் இல்லை. கணினியில் பாட்டைப் பதிவு செய்து, வெட்டி, ஒட்டி, வாத்தியம் சேர்க்கிற மென்பொருள் ஒன்று உண்டல்லவா, அதில் மௌஸைத் தொடாமல் விசைப்பலகையிலேயே எல்லாக் காரியத்தையும் முடிக்கிற குறுக்குவழிகள் அத்தனையும் அவருக்கு அத்துப்படி. அந்த மென்பொருளைத் திறந்தால் அவருடைய திரையில் முரசுக்குப் பழுப்பு, குரலுக்கு மஞ்சள், சோக வயலினுக்கு நீலம், கொஞ்சம் குறைவான சோகத்துக்கு வெளிர்நீலம் என்று பெயரும் நிறமும் இட்ட தடங்கள் சரசரவென இறங்கி, வேண்டிய எதிரொலி வேண்டிய அளவில் வந்து நின்று, எல்லாம் தயாராகிவிடும். கழுவித் துடைத்து வரிசையாக அடுக்கிய தட்டுகள். சாப்பாடுதான் இல்லை.

அவர் மனைவி பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. ஒருநாள் அந்தத் திரையைச் சற்று நேரம் நின்று பார்த்தார்.

“எங்க வகுப்புலயும் ரெண்டு பேர் இருக்காங்க. வருஷம் பூரா நோட்டுக்கு அட்டை போட்டுக்கிட்டே இருப்பாங்க. உள்ள ஒரு எழுத்து இருக்காது.”

“உனக்கு வொர்க்ஃப்ளோன்னா என்னன்னு தெரியாது,” என்றார் குறுக்குவழியார்.

வீட்டில்தான் இந்த மரியாதை. இணையத்தில் அந்த மென்பொருளைப் பயன்படுத்துவோர் கூடுகிற மன்றத்தில் அவர் குரு. தினமும் அங்கே ஒரு யோசனை சொல்வார், ஒரு வசதி கேட்பார். ஒலியைக் கூட்டுகிற பட்டை இடதுபக்கம் வரவேண்டும் என்பார். வந்தால், வலதுபக்கமே இருந்திருக்கலாம் என்பார். புதிதாகச் சேர்ந்த ஓர் அப்பாவி ஒருமுறை, “அண்ணா, நீங்க போட்ட பாட்டு ஒண்ணு கேக்கலாமா?” என்று எழுதிவிட்டான். முடித்த பாட்டைக் கோப்பாக வெளியே எடுப்பது எப்படி என்று குரு அவனுக்கு ஒன்றரைப் பக்கம் விளக்கம் கொடுத்தார். கேட்டவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

அவர் கேட்டு வாங்கியதில் தலையாய வசதி ஒன்று உண்டு. பதிவு செய்கிற சிவப்புப் பொத்தானை அழுத்த மறந்திருந்தாலும், பாடியதை மென்பொருள் தானாகவே பிடித்து வைத்திருக்க வேண்டும். இதற்காக அவர் விட்ட கண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல. எத்தனை நல்ல குரல்கள் காற்றோடு போயின என்று எழுதி எழுதி, மன்றத்தையே அழவைத்து, கடைசியில் நிறுவனம் இறங்கி வந்து அந்த வசதியைக் கொடுத்தது. கொடுத்த மறுவாரமே நம்மவர் ஒரு யோசனை வெளியிட்டார்: அது கணினியை மந்தமாக்குகிறது, அணைத்து வையுங்கள். அவர் எழுதியதிலேயே அதிகப் பேர் பாராட்டியது அதைத்தான்.

இனி அக்கா வருகிறார். குறுக்குவழியாரின் அக்கா, பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸ். ஊசி போட்டபின் அழுகிற பிள்ளைகளைத் தூங்கவைக்க அவரே ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். நாலே வரி. அது இல்லாமல் அந்த வார்டு தூங்காது. இப்போது அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல். பாட்டையாவது பதிந்து அங்கே விட்டுவிட்டுப் போகலாம் என்று அவருக்கு ஆசை. போனில் பதிந்து கொடுத்துவிடவா என்று தம்பியிடம் எப்போதோ கேட்டார்.

“போன்லயா? அது பாட்டுக்குச் செய்யற துரோகம்கா. நான் எதுக்கு இருக்கேன்?”

எதற்கு இருந்தார் என்று கேட்காதீர்கள். மைக் சரியில்லை, அறையில் எதிரொலிக்கிறது, புதிய பதிப்பு வரட்டும் என்று தள்ளிக்கொண்டே போய், அக்கா ஊருக்குக் கிளம்புகிற நாளும் வந்துவிட்டது. மாலையில் ரயில். பெட்டியோடு மத்தியானமே வந்து நின்றார்.

“இன்னிக்கு விட்டா அவ்வளவுதான்டா. பிள்ளைங்க என்னைத் தேடும்.”

“ஒரு நிமிஷம்கா. மைக்ல சத்தம் லெவல் பாக்கறேன், நீ சும்மா பாடிட்டே இரு.”

அக்கா சும்மா பாடினார். மைக்கைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்க்கவில்லை. மடியில் ஏதோ ஒரு பிள்ளை கிடப்பதுபோல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, குரலை எங்கும் உயர்த்தாமல், நாலு வரியையும் பாடி முடித்தார். நல்ல பாட்டு. கேட்டிருந்தால் நீங்களும் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். குறுக்குவழியாருக்கே உடம்பு சிலிர்த்தது. ஆனால் அவர் அப்போது, அக்காவின் குரலுக்கு வழக்கமான மஞ்சள் போதுமா, சந்தன நிறம் கொடுக்கலாமா என்று தேடிக்கொண்டிருந்தார்.

“சூப்பர்க்கா. இப்ப நிஜமா பாடு.”

“அப்போ இவ்வளவு நேரம் பாடினது?”

“அது லெவலுக்கு.”

சிவப்புப் பொத்தான் அழுத்தப்பட்டது. அக்கா நிஜமாகப் பாடினார். இரண்டாம் வரியில் குரல் உடைந்தது. மறுபடி பாடினார், கண் கடிகாரத்துக்குப் போனது. மூன்றாம் முறை மேல்வீட்டில் யாரோ சுவரைத் துளைக்க ஆரம்பித்தார்கள்.

“நிஜமா பாடுன்னதும் வரமாட்டேங்குதுடா,” என்று எழுந்தார் அக்கா. கீழே ஆட்டோக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டார்.

“நீ கவலைப்படாதக்கா. முதல்ல பாடினே பாரு, அதைத் தானாவே பிடிச்சு வச்சிருக்கும். அந்த வசதியை நான்தான் கேட்டு வாங்கினேன்.” விரல்கள் விசைப்பலகையில் பறந்தன. திரையில் ஒன்றும் வரவில்லை. இன்னொரு முறை பறந்தன. பிறகுதான், அணைத்து வைக்கச் சொன்ன தன் யோசனையைத் தானே முதலில் கடைப்பிடித்தது அவருக்கு நினைவு வந்தது.

அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தார். நோயாளிகளின் முகம் பார்த்தே பழகியவருக்கு அதுவே போதுமாக இருந்தது. “சரி விடு. நீ என்ன வேணும்னேவா செஞ்ச,” என்று தோளைத் தட்டிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். குறுக்குவழியாருக்கு அழுகை வந்தது. இதில் கேலி இல்லை, நிஜமாகவே வந்தது.

வேறு யாராக இருந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு அந்த ஆட்டோவின் பின்னால் ஓடியிருப்பார்கள். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மன்றத்தைத் திறந்தார். ‘இவ்வளவு முக்கியமான வசதியை ஒருவர் அணைக்கப் போனால், மென்பொருள் எச்சரிக்க வேண்டாமா?’ என்று உருக்கமாக ஒரு கோரிக்கை எழுதினார். உடனே பதில் வந்தது. முன்பு பாட்டுக் கேட்ட அதே அப்பாவிதான்.

“எச்சரிக்குமே அண்ணா. அந்த எச்சரிக்கையும் வராம செய்யறது எப்படின்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?”

ரயில் புறப்படுவதற்குச் சற்றுமுன் அக்கா போன் செய்தார்.

“வழியில வார்டுல இறங்கி எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன்டா. போனை மேசை மேல வச்சுட்டுப் பாடினேன், பதிஞ்சிடுச்சு. அங்க இருக்கற நர்ஸுங்க அதைப் போட்டதும் பிள்ளைங்க தூங்கிட்டாங்களாம். உனக்கும் அனுப்பியிருக்கேன்.”

குறுக்குவழியார் அதைப் போட்டுக் கேட்டார். நாலு வரியும் அப்படியே இருந்தது. இன்னொரு முறை கேட்டுவிட்டு, அக்காவைத் திரும்ப அழைத்து, “அக்கா, பின்னால கட்டில் சக்கரம் கிறீச்சிடுது. ஒரு நிமிஷம், அதை மட்டும் எடுத்துக் கொடுத்துடறேன்,” என்றார்.

“வேணாம்டா. அந்தச் சத்தம் கேட்டாத்தான் நான் பக்கத்துல இருக்கேன்னு பிள்ளைங்க நினைக்கும்.”

நல்லவேளை, நமக்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாளை முதல் ஓடுவதற்காக வாங்கிய காலணி பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறதா? எழுதப்போகும் நாவலுக்குப் பேனா அமைந்துவிட்டதா? போகட்டும், அதெல்லாம் உங்கள் சொந்த விஷயம். இந்தப் பக்கத்தைப் படிக்க உட்கார்ந்தபோது நாற்காலியை நகர்த்தி, விளக்கைத் திருப்பி, காற்றாடியை ஒரு புள்ளி குறைத்துக்கொண்டிருந்தீர்களே, அப்போது அடுத்த அறையிலிருந்து யாரோ உங்களை ஆசையாகக் கூப்பிட்டார்கள். ஒரு நிமிஷம் என்றீர்கள். அவர்கள் மறுபடி கூப்பிடவில்லை, கவனித்தீர்களா?