மைக்செட்டுக்காரரும் மன்றத்துக் கூரையும்

எங்கள் ஊரில் ரகசியம் என்று ஒன்று இல்லாமல் போனதற்கு மைக்செட்டுக்காரர் ஒருவர்தான் காரணம். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் நோம்பி எல்லாவற்றுக்கும் அவர் செட்டுதான். அவருடைய சொந்தப் பெயர் அவர் சம்சாரத்துக்காவது தெரியுமா என்பது சந்தேகம்.

இளைஞர் மன்றம் கட்ட ஆரம்பித்தபோது அவராகவே வந்தார். வசூலுக்கு மைக் தன் பொறுப்பு, வாடகை வேண்டாம் என்றார். செயலாளர் என்ற முறையில் சந்தோஷமாகத் தலையாட்டியவன் நான்தான். புத்தி கெட்டவன்!

கொடுத்தவர்கள் பெயரை மைக்கில் சொல்வது ஊர் வழக்கம். இந்த மனிதர் கொடுக்காதவர்கள் பெயரையும் சொன்னார். மொபெட்டில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, யார் யார் என்ன சாக்குச் சொன்னார்கள் என்பதை ஒரு வார்த்தை மாறாமல் தெருத்தெருவாக ஒலிபரப்பினார். மளிகைக்கடைக்காரர் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றதை அடுத்த வாரம் வரைக்கும் தினமும் சொன்னார். வாத்தியார் ஒருவர் வீட்டுக்குள் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னதும் மைக்கில் வந்தது. திட்டு வாங்கியதெல்லாம் நான். போய்க் கேட்டால், "நான் ஏதாச்சும் பொய் சொன்னனுங்களா?" என்பார்.

சுவர் எழும்பிவிட்டது, கூரைக்கு வழியில்லை. போர்வெல் போடும் ரிக் வண்டி முதலாளி ஒருவர் முழுக் கூரையையும் தானே போட்டுத் தருவதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை, மன்றத்துக்குள் பொம்பளைப் பிள்ளைகள் வரக்கூடாது. வந்தால் வம்பாம். போலீஸ் தேர்வுக்கு அங்கே உட்கார்ந்து படிக்கலாம் என்று ஏழெட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். என் மகளும் அதில் ஒருத்தி. ஆனால் கூரையாயிற்றே! முதலில் அது வரட்டும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சரி சொல்லிவிட்டேன். மைக்செட்டுக்காரர் பக்கத்தில் நின்றதை மறந்துபோனேன்.

மறுநாள் காலை, பால் ஊற்றும் நேரத்தில் மொபெட் கிளம்பியது.

"நம்ம மன்றத்துக்கு முதலாளி கூரை போட்டுத் தர்றாருங்க. பொம்பளைப் புள்ளைக உள்ள வரக்கூடாதுன்னு சொல்லித் தர்றாருங்க. செயலாளரும் சரின்னுட்டாருங்க. ரொம்ப நன்றிங்க."

நாலு தெருவிலும் நாலு தடவை! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மொபெட்டோடு அவரைக் கிணற்றில் தள்ளியிருப்பேன். அதற்குள் என் மகள் புத்தகத்தை மூடிவிட்டு வந்து நின்றாள்.

"ஏனுங்கப்பா, நீங்க நெசமா சரின்னீங்களா?"

கூரைக்காகத்தான் என்று இழுத்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

மானத்தை வாங்கிவிட்டீர்கள் என்று முதலாளி மதியத்துக்குள் பின்வாங்கிவிட்டார். வந்த கூரையைக் கெடுத்தீரே என்று மைக்செட்டுக்காரரிடம் போய்த் தெருவே பார்க்கக் கத்தினேன். அவர் ஒயரைச் சுற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"மைக்குல சொன்னாக் கூசற பேச்சுக்கு நீங்க எப்புடிங்க சாமி சரின்னீங்க?"



அந்தப் பெண்களின் அம்மாமார் மகளிர் குழுவைக் கூட்டினார்கள். ஒரு பழைய ரைஸ்மில்லைப் பிரித்த தகரத்தை விலைபேசி வாங்கி, அவர்களே நின்று கூரை போட்டார்கள். மழை பெய்தால் உள்ளே பேசுவது காதில் விழாது. என் மகள் அங்கேதான் படிக்கிறாள். என்னோடு மறுபடி பேச அவளுக்குப் பத்து நாளாயிற்று.

அந்த மனிதருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைக்கிறேன். நேரில் சொன்னால் அன்று சாயங்காலமே மைக்கில் போட்டுவிடுவார். அதனால் இங்கே எழுதுகிறேன்.