கருப்பையா அண்ணன் குடுத்த வெள்ளைத் துணி

அன்னைக்குக் காலையில எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். பெரிய வெள்ளைத் துணி ஒண்ணு தேடிட்டு வரணும்.

எண்பதுகளோட ஆரம்பம். யுனிவர்சிட்டியில நான் புது விரிவுரையாளர். வேலை இன்னும் நிரந்தரம் ஆகல. ஆராய்ச்சி செய்யவும், செஞ்சதை நாலு பேர் முன்னால பேசவும் எங்களுக்குப் பயிற்சி குடுக்கணும்னு கேமரன் மலைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கோலாலம்பூர்லயே குடுத்திருக்கலாம். ஆனா அங்க குளிராதே!

கடைசி நாள் ஆளாளுக்கு மேடையேறிப் பேசணும். மார்க் போடுறவர் ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர். அவர் தலையாட்டினா வேலை நிரந்தரம். ஆட்டலேன்னா ஈப்போவுல எங்கப்பா மளிகைக் கடையில உக்காந்து மிளகாய் நிறுக்கணும். அப்பா தராசைத் தொடைச்சே வச்சுட்டாருன்னு கேள்வி.

என் தலைப்பு என்ன தெரியுமா? 'தோட்டத்து மக்கள் பொதுக்கூட்டங்களுக்கு ஏன் வருவதில்லை?'

அதுக்காக நான் எந்தத் தோட்டத்துக்காவது போனேனான்னு கேட்டுடாதீங்க. எல்லாத்தையும் லைப்ரரியில உக்காந்துதான் கண்டுபிடிச்சேன். அங்க ஏர்கோன் இருந்துச்சு.

பிரிஞ்சாங் ஹோட்டல்லதான் பேசுறதா ஏற்பாடு. அன்னைக்குன்னு பார்த்து, அந்த ஹாலைத் திரிங்காப் ஊர்க் காய்கறி முதலாளி, ஒரு சீனத் தவுக்கே, வீட்டுக் கல்யாணத்துக்கு விட்டுட்டாங்க! ஓடிப்போய்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தைப் பிடிச்சாங்க. ஸ்லைடு காட்டுற மெஷினும் வந்துருச்சு. திரையை மட்டும் எல்லாரும் மறந்துட்டாங்க.

"நீதானே தமிழ் ஆளு, தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற லயத்துல போய்க் கேளு"ன்னு என்னைத் தள்ளி விட்டாங்க.

தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணியைக் கேட்டேன். அவர் கோயில் தலைவர் கருப்பையா அண்ணன் வீட்டைக் காட்டினார். அண்ணன் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து துணியை எடுத்தார். சும்மா சொல்லக்கூடாது, ஒரு கறை இல்ல.

"எத்தனை மணிக்கு சார்?"

"மூணு மணிக்குண்ணே."

"நாங்களும் வரலாமாலா?"

இங்கதான் என் வாய்க்கொழுப்பு. இவங்க வரமாட்டாங்கன்னுதான் பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்கேனே! வரமாட்டாங்கங்கிற தைரியத்துல தாராளமா அள்ளி விட்டேன்.

"இதையெல்லாம் கேக்கணுமாண்ணே? குடும்பத்தோட வாங்க! எல்லாரையும் கூட்டிட்டு வாங்க!"

துணியையும் ரெண்டு மூங்கிலையும் தூக்கிக்கிட்டு நானும் அண்ணனும் லயம் வழியா நடந்தோம். வாசலுக்கு வாசல் ஆளுங்க எட்டிப் பார்த்துச் சிரிச்சாங்க. படிச்சவனுக்கு என்னா மரியாதைன்னு நானும் கும்பிட்டுக்கிட்டே போனேன்.

அந்தத் துணி எதுக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? தோட்டம் தோட்டமா ஓசியில சினிமா காட்ட வர்ற அரசாங்க வண்டிக்கு மட்டும்தான் அது பெட்டியை விட்டு வெளிய வருமாம். லைப்ரரியில இதை யாரும் எழுதி வைக்கல!

மூணு மணிக்குப் பனி இறங்கிருச்சு. ஜன்னலையெல்லாம் கறுப்புத் துணி போட்டு மூடிட்டுத் திரும்பினேன்.

மண்டபம் நெறைஞ்சு வழியுது! பாய், போர்வை, பிளாஸ்க்கு, கைக்குழந்தை. வாசல்ல ஒருத்தர் சுடச்சுடக் கடலை விக்கிறார்! பேராசிரியர் நாற்காலிக்குப் பக்கத்துலயே பாய் விரிச்சு உக்காந்திருக்கு, பாஞ்சாலைன்னு ஒரு அக்கா. கொழுந்து எடுத்துட்டு, கூடையை இறக்கி வச்ச கையோட வந்திருக்கு. பேராசிரியர் கையிலயும் ஒரு பொட்டலம் கடலை.

கருப்பையா அண்ணன் பெருமையா வந்தார். "நீங்க சொன்ன மாதிரியே எல்லாரையும் கூட்டியாந்துட்டேன் சார். கம்போங் ராஜாவுலேருந்து என் மச்சான்கூட லோரி பிடிச்சு வந்துட்டான்லா!"

நான் தலையை ஆட்டிட்டு மேடையேறினேன்.

லைட்டை அணைச்சாங்க. காது கிழியிற மாதிரி விசில்! முதல் ஸ்லைடுல நான். கோட்டு, டை, யுனிவர்சிட்டி வாசல்.

"ஹீரோ இவரா?"ன்னு பின்னாலேருந்து ஒரு குரல்.

"சேச்சே, மூஞ்சியைப் பாருலா. வில்லனா இருக்கும்"னு இன்னொரு குரல்.

நான் கண்டுக்காம, தலைப்பை இங்கிலீஷ்ல கணீர்னு படிச்சேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழட்டினார். மண்டபத்தை ஒரு சுத்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"கூட்டத்துக்கு வராத மக்கள்னு சொல்றீங்களே," ரொம்ப மரியாதையா கேட்டார், "அவங்கதானே இவங்க?"

செத்தேன்! மிளகாய் நெடி மூக்குல ஏறுச்சு.

"இது... இது ஒரு விதிவிலக்கு சார்"னு ஒளறிட்டு அடுத்த ஸ்லைடைத் தள்ளினேன். ஒரு வட்டம், அதைத் துண்டு துண்டா பிரிச்சு துண்டுக்கொரு கலர் அடிச்சிருந்தேன்.

"யாருக்கு சார் பொறந்தநாளு? கேக்கு வெட்டியிருக்கு?"ன்னு பாஞ்சாலை அக்கா கேட்டுச்சு.

"கேக்கு இல்லக்கா. இது உங்களோட கருத்து. ஆராய்ச்சியில வந்தது."

"என் கருத்தா? என்னை யாரு வந்து கேட்டா?"

நல்லவேளை, பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது. அடுத்த ஸ்லைடைத் தள்ளினேன். அதுலயும் வட்டம்.

"சண்டை எப்ப வரும்லா?"

அதுக்கடுத்ததும் வட்டம்தான்.

"பாட்டாவது போடுங்க சார், புண்ணியமாப் போகும்!"

நான் விடல. நாலு மாசமா மனப்பாடம் பண்ணினதாச்சே, எப்படி விடுறது? கடைசியில பாஞ்சாலை அக்கா எழுந்து பாயைச் சுருட்டுச்சு.

"சோறு ஆக்கணும் சார், கோவிச்சுக்காதீங்க."

ஒரு பாய் சுருண்டா போதாதா? வரிசையா எல்லாப் பாயும் சுருண்டுச்சு. கம்போங் ராஜா மச்சான் லோரிக் காசைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போட்டுக்கிட்டே போனார். அந்த மண்டபத்துல அன்னைக்கு நடந்த ஒரே சண்டை அதுதான். கடலைக்காரரும் கடையைக் கட்டிட்டார்.

நான் முடிவுரைக்கு வந்தப்ப மிச்சம் இருந்தது பேராசிரியர், தூங்கிக்கிட்டிருந்த எங்க விரிவுரையாளருங்க, அப்புறம் கருப்பையா அண்ணன். ஒருத்தராவது ஆசையா உக்காந்திருக்காரேன்னு எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சாண்ணே?"

"துணியைக் கழட்டி எடுத்துட்டுப் போகணும் சார்."

பேராசிரியர் எழுந்து வந்து என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார்.

"பிரமாதம்! ஜனங்க ஏன் கூட்டத்துக்கு வரமாட்டேங்கிறாங்கன்னு இவ்வளவு தெளிவா எனக்கு யாரும் விளக்கினதே இல்ல. காரணத்தையே கொண்டாந்து மேடையில நிறுத்திட்டீங்க!"

வேலை நிரந்தரம் ஆச்சு. அப்பா தராசைத் தம்பிகிட்ட குடுத்துட்டார்.

அடுத்த வருஷத்துலேருந்து அதே பயிற்சியில, கேக்கறவங்களை எழுந்து போகாம உக்கார வைக்கிறது எப்படின்னு புது ஆளுங்களுக்கு வகுப்பு எடுத்தது யாருன்னு நெனைக்கிறீங்க? நான்தான்! ரிட்டையர் ஆகுற வரைக்கும் எடுத்தேன். ஒருத்தர்கூட நடுவுல எழுந்து போனதில்ல.

வந்ததுக்கான கையெழுத்தைக் கடைசியிலதான் வாங்குவோம்.