தங்கச்சி மணையும் முனகுற மிஷினும்

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு மணைப் பலகையோட விளிம்ப மழுக்கணும்.

மறுநாள் தங்கச்சி சுதாவுக்கு வளைகாப்பு. மணைய கடையில வாங்கிக்கலாம்னு அம்மா சொன்னாங்க. நான் கேட்டாத்தானே? "என் தங்கச்சி உக்கார்ற மணைய நானே செய்வேன்"னு சொந்தக்காரங்க முன்னாடி சொல்லித் தொலைச்சுட்டேன். பலகை அறுத்தாச்சு. ஓரம் மட்டும் கத்தி மாதிரி நிக்குது. பட்டுப்புடவை மாட்டுனா கிழிஞ்சுரும். அப்புறம் சுதா என்னைக் கிழிப்பா.

இதுக்குன்னே ரூட்டர் மிஷின் வாங்கி வச்சிருந்தேன். வைஃபை பெட்டி இல்லீங்க, மரத்தோட ஓரத்த மழுக்குற மிஷின். ஸ்பீடு கூட்டக் குறைக்க ஒரு திருகு உண்டு.

ஆன் பண்ணேன். 'வ்ர்ர்ர்'னு நல்லாத்தான் பாடுச்சு. ஒரு சாண் போனதும் 'ம்ம்ம்'னு முனக ஆரம்பிச்சுருச்சு. மரம் கருகுது! திருகை முழுசாத் திருகிப் பார்த்தேன். ம்ஹூம். கொஞ்ச நேரத்துல தானாவே வேகம் எடுத்துச்சு. மறுபடி முனகல்!

பிரிச்சேன். தூசி ஊதுனேன். கார்பன் பிரஷ் மாத்துனேன். திரும்ப மாட்டுனா ஒரு ஸ்க்ரூ மிச்சம்! யாரும் பாக்கலன்னு சட்டைப் பையில போட்டுக்கிட்டேன்.

சுதா எட்டிப் பார்த்தா. "அண்ணே, நாளைக்குத்தான் வளைகாப்பு. ஞாபகம் இருக்குல்ல?"

"போம்மா, புள்ளத்தாச்சி தூசில நிக்காத!"

வேற வழியில்லாம ஒரத்தநாட்டு எலக்ட்ரீசியன் ஜெபராஜக் கூப்பிட்டேன். அவன் தன்னோட ரூட்டரையே தூக்கிட்டு வந்தான். எங்க வீட்டு பிளக்குல சொருகுனா அதுவும் முனகுது!

"ரெண்டு மிஷினும் நல்லாத்தான் இருக்குண்ணே. வோல்டேஜ்தான் படுத்துருது. பக்கத்துல யாரோ மோட்டார் போடுறாங்க."

யாரோ என்ன யாரோ? பக்கத்து வயல் சித்தப்பாதான்! வரப்புல ஓடுனேன்.

"சித்தப்பா, பம்புசெட்ட நிறுத்துங்க! வீட்ல நல்ல காரியம் நடக்குது!"

அவரு மம்பட்டிய ஊனிக்கிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாரு. "வாய்க்கால்ல முட்டிக்கால் அளவு தண்ணி போவுது. நான் எதுக்குடா மோட்டார் போடுறேன்? கண்ணு தெரியலயா உனக்கு?"

அசடு வழியத் திரும்பி வந்தேன். ஜெபராஜ் கதவுக்குப் பின்னாடி சுவத்தையே பார்த்துக்கிட்டு நிக்கிறான்.

"இது என்னண்ணே, செவப்பு லைட்டு எரியுது?"

"அதுவா?" காலரத் தூக்கி விட்டுக்கிட்டேன். "தண்ணித் தொட்டி ஆட்டோமேட்டிக்! போன வாரம் நானே மாட்டுனது. தண்ணி குறைஞ்சா போர் மோட்டார் தானா ஓடும், நிறைஞ்சா தானா..."

சொல்லிக்கிட்டே குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

வளைகாப்புக்கு வந்த சொந்தக்காரங்க காலையிலேருந்து வரிசையா குளிக்கிறாங்க. தொட்டி குறையக் குறைய மோட்டார் ஓடுது. மோட்டார் ஓடுனா மிஷின் படுக்குது. ஜெபராஜ் சிரிக்காம இருக்க ரொம்பப் பாடுபட்டான், பாவம்.

மோட்டார நிறுத்துனேன். ரூட்டர் கணீர்னு பாடுச்சு! மணை எங்கடான்னு தேடி ஓடுனா, சுதா கூடத்துல உக்காந்து உப்புத்தாள் வச்சு கடைசி மூலையத் தேய்ச்சுக்கிட்டு இருக்கா. நாலு ஓரமும் வழவழன்னு இருக்கு.

"உன் மிஷின் சரியாகுறதுக்குள்ள எனக்குப் பிரசவமே ஆயிரும்ணே. அதான்."

மறுநாள் அந்த மணையில ஜம்முனு உக்காந்தா. புடவைக்கு ஒண்ணும் ஆகல. அவ மாமியார் ஓரத்தத் தடவிப் பார்த்துட்டு, "ரொம்ப அழகா இருக்கே, யாரு செஞ்சது?"ன்னு கேட்டாங்க.

"எங்கண்ணன்தான். மிஷின்லயே செஞ்சுச்சு"ன்னா சுதா, என்னைப் பார்த்துக்கிட்டே.

நான் சட்டைப் பையில கிடந்த ஸ்க்ரூவ அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, தலைய மட்டும் ஆட்டுனேன்.