எண்ண வந்தவளுக்கு ஒளித்த பதினொரு பேர்

ரொறொன்ரோவில் ஓடியிருக்க வேண்டிய ஒரு பஸ்ஸை ஒரு வருடம் ஓடவிடாமல் தடுத்த பெருமை எனக்கு உண்டு. அதற்காக நான் வேலைநிறுத்தம் செய்யவில்லை, வீதிக்குக் குறுக்கே படுக்கவும் இல்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தேன். அதுவே போதுமாக இருந்தது.

எண்பத்தாறாம் ஆண்டுக் குளிர்காலம். அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டின் பேஸ்மெண்டில் மூன்று பேர் இருந்தோம்: அண்ணன், அவருடைய மனைவி பவளம் மச்சாள், நான். அண்ணன் டவுன்ரவுனில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். நானும் மச்சாளும் போத்தல் மூடி செய்கிற பக்டரி ஒன்றில் வேலை செய்தோம். பஸ் ரெயில் பாதை வரைக்கும் வந்து, அதற்கு மேல் தனக்கு அலுவல் இல்லை என்பதுபோலத் திரும்பிவிடும். அங்கிருந்து பக்டரிக்கு அரை மணி நேர நடை. நடைபாதை கிடையாது. ஒரு பக்கம் லொறிகள், மறுபக்கம் பள்ளம். மச்சாளுக்கு அப்போது ஐந்து மாதம்.

"பவளத்தைப் பாத்துக்கொள்ளு. உனக்குத்தானே இங்கிலீஷ் தெரியும்" என்று அண்ணன் ஒவ்வொரு காலையும் சொல்லுவார். (வழுக்கி விழுவதற்கும் இங்கிலீஷுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. பெருமையாக இருந்தது.)

அந்த வீதியால் தினமும் நடந்தவர்கள் நாங்கள் பதினொரு பேர். எல்லோரும் தமிழர். மற்றத் தொழிலாளிகளிடம் கார் இருந்தது. எங்களிடம் முடியாத அகதி வழக்குகள் இருந்தன. வேலை செய்கிற பெர்மிட் சிலரிடம் இருந்தது, சிலரிடம் அது வரும் என்கிற நம்பிக்கை மட்டும் இருந்தது. வருகிற கடிதங்களை எல்லாம் வாசித்துச் சொல்வது நான். அதனால் யாரும் தெரிவு செய்யாமலேயே நான் தலைவி ஆகியிருந்தேன். ஊரில் தபால் கந்தோரில் வேலை பார்த்த, என்னிலும் இரண்டு மடங்கு வயதான கந்தையா அண்ணைகூட என்னைக் கேட்டுத்தான் பாதையைக் கடப்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை, பஸ் கடைசித் தரிப்புக்கு வருவதற்குச் சற்று முன்னால், யன்னலுக்குள்ளால் ஒரு மஞ்சள் காரைக் கண்டேன். எங்கள் வீதி தொடங்குகிற இடத்தில் நின்றது. உள்ளே ஒரு வெள்ளைக்காரப் பெண். மடியில் எழுதுகிற மட்டை, கையில் சின்னதாய் ஏதோ ஒரு கருவி. நாயோடு ஒருவர் நடந்து போனார். அந்தப் பெண் கருவியை ஒருதரம் அமத்தினாள், குனிந்து எழுதினாள்.

எங்கள் ஊரில் வீதியோரம் நின்று ஆட்களை எண்ணியவன் எவனும் நல்லதுக்கு எண்ணியதில்லை. எண்ணி முடிந்ததும் ஆமி ட்ரக் வரும்.

"இமிகிரேசன்" என்றேன்.

"மெய்யாவோ?" என்றார் கந்தையா அண்ணை.

"எழுதிறாள் அண்ணை. எழுதினா வேறை என்ன?"

ஒரு தரிப்பு முன்னதாகவே மணியடித்து எல்லோரையும் இறக்கினேன். பெரிய மின்கம்பிக் கோபுரங்கள் வரிசையாகப் போகிற வெளியொன்று பக்டரியின் பின்பக்கம் வரை இருந்தது. அதற்குள்ளால் நடப்பதென்று நானே முடிவெடுத்தேன். முழங்கால் வரை ஸ்னோ. முன்னுக்கு நான், பின்னால் என் பிரஜைகள் பத்துப் பேர், ஒருவர் காலடியில் மற்றவர் கால் வைத்து.

"பிள்ளை, நாங்கள் சண்டைக்குப் போறமோ, மூடி செய்யப் போறமோ?" என்று பின்னாலிருந்து கந்தையா அண்ணை கேட்டார்.

"கதையாதேங்கோ, கேக்கும்!" என்றேன். (அந்தக் கார் அரை மைலுக்கு அப்பால் நின்றது.)

மூன்று காலை அப்படிப் போனோம். மூன்றாம் நாள் மச்சாளின் சப்பாத்து ஸ்னோவுக்குள் புதைந்துபோய், கால் மட்டும் வெளியே வந்தது. அந்த இடத்திலேயே இருந்து முதலில் சிரித்தா, பிறகு அழுதா. நான் என்ன செய்தேன் தெரியுமா? விரலை வாயில் வைத்து "உஷ்" என்றேன். அன்று முழுவதும் ஈரக்காலில் பொலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு அவ மெஷினடியில் நின்றதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

நாலாம் நாள் காரைக் காணவில்லை. நான் கதாநாயகி. மதியச் சாப்பாட்டு நேரம் கந்தையா அண்ணை தன்னுடைய முட்டைப்பொரியலில் பாதியை என் பெட்டிக்குள் வைத்தார். "உன்ரை மூளை எங்களுக்கு இருந்திருந்தா நாங்கள் எங்கையோ போயிருப்பம்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து பக்டரிச் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. மாகாணம் விற்பனை வரியிலிருந்து ஒரு பங்கை வீதி வேலைகளுக்கும் பஸ் வேலைகளுக்கும் தருகிறதாம். எந்தெந்த வேலைக்கு அதைக் கொடுப்பது என்று தெரிவு செய்கிறார்களாம். சனிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம், யாரும் வரலாம், யாரும் கேட்கலாம். பட்டியலில் எங்கள் பஸ்ஸை ரெயில் பாதைக்கு அப்பால் பக்டரிகள் வரை நீட்டுகிற வேலையும் இருந்தது. வாசித்துச் சொன்னபோது மச்சாள் என் கையைப் பிடித்துக்கொண்டா.

விற்பனை வரியோடு எனக்கு ஏற்கெனவே பகை. வந்த புதிதில் ஜாக்கெட் வாங்கப் போய், சீட்டில் ஒரு விலை இருக்க நீ எப்படி இன்னொரு விலை கேட்கலாம் என்று காசு வாங்குகிற பெட்டையோடு கால் மணி நேரம் நியாயம் கதைத்தவள் நான். பின்னால் வரிசை கடை வாசல் வரை போய்விட்டது. அந்த ஜாக்கெட்டில் போன சதங்கள் எங்கே போயின என்று என்னையே கூப்பிட்டுச் சொல்லப்போகிறார்கள் என்றால் எனக்கு நம்ப முடியவில்லை.

பதினொரு பேரும் போனோம். மாலை இல்லை, மேடை இல்லை, மந்திரி இல்லை. கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே ஒரு பெரிய பலகை, அதற்கு முன்னால் மடக்குக் கதிரைகள். பலகையடியில் நின்றவளைப் பார்த்தேன். மஞ்சள் கார்க்காரி.

"உவள் இஞ்சையும் வந்திட்டாள்" என்று கந்தையா அண்ணை எழும்பி ஓட ஆயத்தமானார்.

கூட்டத் தலைவர் அவளை மார்கரெட் என்று அறிமுகப்படுத்தினார். வீதிகளில் போகிறவர்களை எண்ணுவது அவளுடைய வேலையாம். அதற்கு ஓர் உத்தியோகம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பன்னிரண்டு வேலைகள் கேட்கப்பட்டிருக்கின்றன, நாலுக்குத்தான் வரிப்பணம் காணும் என்று மார்கரெட் தொடங்கினாள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரே நாலு கேள்விகள். எத்தனை பேருக்கு உதவும்? இப்போது இருப்பது எவ்வளவு ஆபத்து? என்ன செலவு? எத்தனை வருடம் நின்றுபிடிக்கும்? ஒவ்வொன்றுக்கும் புள்ளி. எல்லாம் பலகையில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால். நான் வாயைத் திறந்தபடி இருந்தேன். எங்கள் ஊரில் தார் போட்ட இடங்களைப் பார்த்தாலே எம்.பி. யார் வீட்டில் பெண் எடுத்தார் என்று சொல்லிவிடலாம். இங்கே ஒரு பஸ்ஸுக்குச் சோதனை வைத்துப் புள்ளி போட்டு, அந்த விடைத்தாளைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். கோயிலில் திரை விலகும்போது வருகிற மாதிரி ஒரு சிலிர்ப்பு வந்தது. பொய் சொல்லவில்லை.

பிறகு எங்கள் பஸ்ஸின் வரிசைக்கு வந்தாள். ஆபத்து: நல்ல புள்ளி. செலவு: நல்ல புள்ளி. நடந்து போகிறவர்கள்: மூன்று காலையும் சேர்த்து, ஒருவர். (நாயைச் சேர்க்கவில்லை.) பன்னிரண்டாவது இடம்.

எனக்குள் எல்லாம் மெல்ல மெல்லப் பொருந்தியது. கார், கருவி, மட்டை. அவள் எங்களைப் பிடிக்க வந்தவள் இல்லை. எங்களுக்கு பஸ் விடலாமா என்று பார்க்க வந்தவள். நாங்கள் வருவோம் என்று குளிருக்குள் காத்திருந்திருக்கிறாள். நான் என் பத்துப் பேரையும் அவளிடமிருந்து ஒளித்திருக்கிறேன்.

கேள்வி உண்டா என்று தலைவர் கேட்டார். நான் கதிரைக்குள் சின்னதாகிக்கொண்டிருந்தேன். "கேளன் பிள்ளை, எங்கடை பதினொரு பேரும் எங்கையாம்?" என்று கந்தையா அண்ணை என் கையைப் பிடித்து உயர்த்தியே விட்டார்.

எழும்பி, என்னிடம் இருந்த மிகச் சிறந்த இங்கிலீஷில், யார் எண்ணியது என்று கேட்டேன்.

"நான்தான்" என்றாள் மார்கரெட். "மூன்று நாளும் நின்றேன், காரில் ஹீற்றரும் வேலை செய்யவில்லை. ஒருவரும் வரவில்லை. வெளிக்குள் நிறையக் கால்தடம் கண்டேன். பிள்ளைகள் விளையாடியிருப்பார்கள் என்று நினைத்தேன்."

அப்போது பக்கத்தில், அதுவரை வெளியில் ஒரு சொல் இங்கிலீஷ் பேசியிராத பவளம் மச்சாள், வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு எழும்பினா. மறுகையால் என்னைக் காட்டினா.

"திஸ் லேடி சே, ஹைட்" என்றா. "வீ ஹைட்."

மண்டபம் முழுவதும் என்னைப் பார்த்தது. வேறு வழியில்லை, சொன்னேன். எழுதுகிற மட்டையோடு வீதியோரம் நிற்பவரைக் கண்டால் எங்கள் ஊரில் என்ன நினைப்போம் என்று சொன்னேன். எண்ணி முடிந்ததும் என்ன வரும் என்று சொன்னேன். என் இங்கிலீஷ் பாதியில் முடிந்துபோனது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

மார்கரெட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன்" என்றாள். "ஆனால் நான் நம்புவதை எழுத இந்தப் பலகையில் இடம் இல்லை. எண்ணியதை மட்டும்தான் எழுதலாம்."

அப்படியென்றால் திரும்ப எண்ணுங்கள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பட்டியலில் நாலாவதாக நின்ற சிக்னல் லைட்டுக்காக வந்திருந்த கிழவர் ஒருவர். நாங்கள் ஏறினால் அவருடைய லைட் இறங்கும். அது தெரிந்தும் சொன்னார். வருகிற செவ்வாய் காலை, ஒரே ஒரு தரம் என்று தலைவர் முடிவு சொன்னார்.

இந்த இடத்தோடு எனக்கு அறிவு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒளித்த பாவத்தைக் கழுவுவதற்காக எண்ணிக்கையைக் கூட்ட, ரெக்ஸ்டேலிலும் அஜக்ஸிலும் இருந்த தெரிந்த தமிழருக்கெல்லாம் ரெலிபோன் எடுத்தேன். செவ்வாய்க்கிழமை காலை அந்த வீதியில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் நடந்தோம். சிலர் கலியாண வீட்டு உடுப்பில்.

மார்கரெட் காரை விட்டு இறங்கி வந்து ஒவ்வொருவராக எங்கே வேலை என்று கேட்டாள்.

"ரெக்ஸ்டேலில் அம்மா, பேக்கரியில்" என்றார் அண்ணனின் சிநேகிதர் ஒருவர், மிகவும் மரியாதையாக. "இண்டைக்கு எனக்கு லீவு."

அவள் கருவியை அமத்தவில்லை. கோபிக்கவும் இல்லை. பதினொரு பேருக்கு மட்டும் பதினொரு தரம் அமத்தினாள். மச்சாளிடம் வந்தபோது அவவின் வயிற்றைப் பார்த்தாள், கருவியைப் பார்த்தாள். மச்சாள் இரண்டு விரலைக் காட்டினா. மார்கரெட்டின் கண் கலங்கியதை நான் கண்டேன். ஒருதரம்தான் அமத்தினாள்.

பன்னிரண்டாவது இடத்திலிருந்து ஐந்தாவது இடத்துக்கு ஏறினோம். பணம் நாலுக்குத்தான். முந்திய மூன்று காலையும் சேர்த்துத்தான் சராசரி; அந்த மூன்றிலும் ஒழுங்காக வீதியால் நடந்திருந்தால் எங்கள் புள்ளி நாலாவது இடத்தைத் தாண்டியிருக்கும் என்று மார்கரெட் காகிதத்தில் போட்டுக் காட்டினாள். நான் கேட்டதால்தான் காட்டினாள்.

அடுத்த நாள் காலை அண்ணன் "பவளத்தைப் பாத்துக்கொள்ளு" என்று மட்டும் சொன்னார், இங்கிலீஷை விட்டுவிட்டார். அதுதான் தாங்கவில்லை. மச்சாள் எட்டு மாதம் வரை அந்த வீதியால் நடந்தா. ஒவ்வொரு நாளும் லொறிப் பக்கம் நான், என் கையைப் பிடித்தபடி அவ. கோபம் இல்லையா என்று ஒருநாள் கேட்டேன். "அண்டைக்கு நீ பயந்ததைப் பாத்துத்தான் நானும் பயந்தனான். எனக்கும் அதுதானே தெரியும்" என்றா.

பஸ் அடுத்த வருடம் வந்தது. இப்போதும் அந்த வீதியில் ஓடுகிறது. முதல் நாள் ஏறி உட்கார்ந்தபோது, யாரையும் தெரியாத ஒரு நகரம் எங்கள் பதினொரு பேருக்காக இவ்வளவு பெரிய வண்டியைத் திருப்பிவிட்டிருக்கிறதே என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எண்ணினால் பஸ் வருகிற ஊர் ஒன்றும் உலகத்தில் இருந்திருக்கிறது.

மச்சாளின் மகளுக்கு இன்று என்னுடைய அந்த நாளைய வயதுக்கு மேல். சனத்தொகைக் கணக்கெடுப்புக் கடிதம் வருகிற வருடமெல்லாம் எனக்கு ரெலிபோன் எடுப்பாள். "மாமி, கவுண்ட் பண்ண வந்திட்டினம். வெளிக்குள்ளால ரன் பண்ணுவமா?" வீட்டில் எல்லோரும் பின்னால் சிரிப்பது கேட்கும். நான் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கதைப்பேன், அது வந்த அன்றைக்கே நிரப்பி முடித்திருப்பேன்.

போனமுறை அவள் சிரித்து முடிந்த பிறகு, "எங்கடை வீட்டுப் படிவத்தில என்ரை பேரை ரெண்டு தரம் எழுதட்டே மாமி?" என்று கேட்டாள்.

"ஏனடி?"

"அண்டைக்கு அந்த மனுசி என்னை எண்ணேல்லை. அம்மாவின்ரை வயித்துக்குள்ள நானும் வந்தனான்தானே."