மாமா எழுதியது முதலாளிக்குத் தெரியவில்லை

நான் இதுவரை எழுதியதிலேயே கேவலமான வாக்கியம் ஒரு மில்லின் கம்ப்யூட்டர் திரையில் வந்தது. (காதல் கடிதம் எழுத ஆள் கிடைத்திருந்தால் அந்தப் பெருமை அதற்குப் போயிருக்கும்.)

அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் இருந்தபடியே ப்ரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். என் தாய்மாமா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மெஷின் பராமரிப்பு மேஸ்திரி. "எம் மருமவன் பெரிய மண்டைக்காரன், அவன்ட்ட குடுங்க" என்று முதலாளியிடம் கெஞ்சி எனக்கு வேலை வாங்கித் தந்தவர். எந்த மெஷினில் என்ன பழுது, யார் பார்த்தது, முடிந்ததா என்று பதிவு செய்ய மில்லில் ஒரு மென்பொருள் இருந்தது. அதிலுள்ள விவரங்களைப் பிரிவு பிரிவாக எடுத்து ஒரே பக்கத்தில் காட்டுவதுதான் என் வேலை.

பக்கத்தை யார் திறக்கிறாரோ, அவருக்குப் பார்க்க அனுமதி உள்ளதுதான் வரும். அனுமதி இல்லாதது சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொள்ளும். இது எனக்குத் தெரியும். ஆனாலும் கடைசிவரை என் லாகினிலேயே சோதித்தேன். எனக்கோ எல்லா அனுமதியும் உண்டு. ஒன்றும் வராவிட்டால் காட்டுவதற்கு, "இந்தப் பிரிவில் எந்த வேலையும் பதிவாகவில்லை" என்று கம்பீரமாக எழுதி வைத்தேன்.

பக்கம் தயாராகி மில்லுக்குக் கொண்டுபோன முதல் நாள், ஃபிட்டர்கள் எல்லாரும் சுற்றி நிற்க, முதலாளி தன் லாகினில் திறந்து மாமாவின் பிரிவைத் தட்டினார். என் வாக்கியம் வந்தது.

"என்ன மேஸ்திரி, ஒண்ணுமே எழுதலையா?"

"தெனமும் எழுதுதேன் மொதலாளி. ஏலே, செத்த பாருலே."

நான் பார்க்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எழுதியிருந்தா வந்திருக்கும் சார். ப்ரோகிராம் பொய் சொல்லாது" என்றேன். அந்த வாயை அன்றே தைத்திருக்க வேண்டும்.

"வயசாயிட்டு மேஸ்திரி. சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க," என்றார் முதலாளி. மாமா ஸ்டோர் ரூம் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் வெளியே போனார்.

பொறுக்காமல் என் லாகினில் திறந்தேன். அம்புட்டும் இருந்தது. ஒரு நாள் விடாமல், ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதியிருந்தார். மென்பொருளில் மாமாவின் பிரிவைத் தொடங்கிக் கொடுத்தபோது, பார்க்க அனுமதி உள்ளவர்களில் மாமாவையும் என்னையும் சேர்த்த நான், முதலாளியைச் சேர்க்க மறந்திருந்தேன். ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். "அப்படியா? சரி பண்ணிருங்க," என்றார். பக்கத்தைத்தான் சொன்னார். மாமாவைத் திரும்பக் கூப்பிடவே இல்லை.

இப்போதும் எந்தக் கல்யாணப் பந்தியில் நான் உட்கார்ந்தாலும், "இவன் பேரு பதிவாகலையே, எலை போடாதீக!" என்று சொந்தக்காரர்கள் கத்துவார்கள். அம்மாவே சிரிப்பாள். எதிர்வரிசையில் இருக்கும் மாமா நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்து, பக்கத்து ஆளிடம், "அங்கன யாரு இருக்கா?" என்று கேட்பார். அதற்குத்தான் கூட்டம் அதிகமாகச் சிரிக்கும். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று எனக்கு மட்டும் தெரியும்.