உது மாஸ்டருக்கு ஒரு ரின் பிழை

கனடாவின் ஸ்காபரோவில் பெயின்ற் வாங்குகிறவர்கள் இரண்டே வகை. சரியான நிறம் கேட்டு வருகிற அத்தனை பேரும் ஒரு வகை. உது மாஸ்டர் மற்ற வகை. பிழையான நிறம் கேட்டுக் கடைக்கு வந்த மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான் என்று நான் எந்தக் கோவிலிலும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன்.

அங்கே வோபர்ன் பகுதியில், ஒரு கொத்துரொட்டிக் கடைக்கும் ஒரு பல் டொக்ரருக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கிற பெயின்ற் கடையில் நான் வேலை செய்கிறேன். முதலாளி செல்வண்ணை. நிறம் கலக்கிற கவுண்டர் என்னுடையது. அட்டையைப் பார்த்து இலக்கம் சொல்கிறவர்களால் எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை. இலக்கத்தை அடித்தால் கொம்பியூட்டர் அளந்து ஊற்றிவிடும். சுவரில் உரித்த துண்டையும் சோபாத் துணியையும் கொண்டுவந்து "இதே நிறம் வேணும்" என்று நிற்கிறவர்களால்தான் கரைச்சல். அதற்கென்று நிறத்தைப் படிக்கிற மெஷின் ஒன்று இருந்தது. செல்வண்ணை யாரிடமோ பாவித்த பழசாக வாங்கியது. கிழமையில் மூன்று நாள் அது படிக்காது. அந்த மூன்று நாளும் நான் கண்ணால் பார்த்துக் கலப்பேன். பிழைத்த பெயின்ற் ரின்கள் ஒரு மூலையில் சேரும். செல்வண்ணை ஒவ்வொரு மூடியிலும் கறுப்பு மையால் "பிழை" என்று எழுதி, என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவார்.

ஒரு சனிக்கிழமை, இரட்டைக் குழந்தைகளை வைத்துத் தள்ளுகிற வண்டிலோடு ஒரு கறுப்பின முதியவர் உள்ளே வந்தார். ஆறடி உயரம். வெளியே முழங்கால் மட்டும் பனி, அவர் தலையில் வைக்கோல் தொப்பி. காலில் சப்பாத்து ஒன்று மஞ்சள், மற்றது என்ன நிறமென்று அந்தச் சப்பாத்துக்கே தெரியாது. மூலையில் இருந்த ரின்களைக் கண்டதும் குந்தியிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் வண்டிலில் ஏற்றினார்.

"சேர், அதெல்லாம் பிழைச்சுப்போன நிறம்," என்றேன்.

"தெரியும். சரியான நிறம் எல்லாக் கடையிலும் கிடக்கு. இது உங்கை மட்டும்தான் கிடைக்கும்."

அவர் பேசியது அமெரிக்க ஆங்கிலம். என் காது எதையும் யாழ்ப்பாணத் தமிழாக்கித்தான் உள்ளே விடும், ஆகவே அப்படியே எழுதுகிறேன். அவர் தமிழிலேயே சொன்னவற்றை மட்டும் தனியாகச் சொல்கிறேன்.

குளிரில் பெயின்ற் உறைந்துவிடும் என்று ரின்களைக் குழந்தைப் போர்வையால் மூடித்தான் கொண்டுபோவார். ஒருநாள் எங்கள் சனத்தில் ஒரு அன்ரி பஸ் தரிப்பிடத்தில் "பிள்ளையள் நித்திரையோ?" என்று ஆசையாகப் போர்வையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். நேரே எங்கள் கடைக்கு ஓடிவந்தார்.

"ஆரடாப்பா உந்த மனிசன்? வண்டிலுக்கை ரெண்டு ரின்! ஒண்டுக்குத் தொப்பியும் போட்டு விட்டிருக்கிறார்!"

தொப்பி போட்ட ரினுக்கு மூடி தொலைந்திருந்தது. அதை விளங்கப்படுத்த எனக்குக் கால்மணி நேரம் எடுத்தது.

அவருக்கு உது மாஸ்டர் என்ற பெயர் வந்த கதை இது. நானும் செல்வண்ணையும் கவுண்டரில் கத்துவதைப் பல சனிக்கிழமைகளாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், ஒருநாள் என்னைப் பிடித்து நிறுத்தினார்.

"கிட்டக் கிடக்கிறது 'இது'. தூரக் கிடக்கிறது 'அது'. அது விளங்குது. அடிக்கடி 'உது' எண்டுறியள், அது என்ன?"

"எனக்குக் கிட்ட இல்லாமல் உங்களுக்குக் கிட்ட இருந்தால், அது உது, சேர்."

மனிதர் ஒரு பெயின்ற் வாளியின் மேல் தொப்பென்று இருந்துவிட்டார். "ஐம்பது வருசமா நான் படமாக் கீறுறது உதைத்தானே! கீறி முடிஞ்சால் அது என்னட்டை இல்லை. பாக்கிறவன் பக்கத்திலை போயிடுது. இங்கிலீசிலை இதுக்குச் சொல் இல்லையெண்டு நான் எவ்வளவு கஷ்டப்பட்டனான் தெரியுமோ?"

அன்றிலிருந்து அவருடைய ஓவியங்களுக்கெல்லாம் ஒரே தலைப்பு: உது. இலக்கம் மட்டும் மாறும். கனடாவில் பிறந்த எங்கள் பிள்ளைகள் கைவிட்ட சொல்லை அலபாமாவில் பிறந்த ஒரு ஆப்பிரிக்க அமெரிக்கர் தூக்கி வைத்துக்கொண்டார். படிப்பிக்கிறவரும் ஆனபடியால் நாங்கள் அவரை உது மாஸ்டர் என்றோம்.

இளம் வயதில் இங்கே ஒரு கல்லூரியில் ஓவியம் படிப்பிக்க ஒரு வருடத்துக்கு வந்தவர், திரும்பிப் போக மறந்துவிட்டதாகச் சொல்வார். கராஜ் முழுக்க ஓவியம் நிறைந்ததால் காரை விற்றுவிட்டார். அதனால்தான் அந்த வண்டில். முதல்முறை அந்தக் கராஜுக்குப் போனபோது எனக்கு முழி பிதுங்கியது. முகம் இல்லை, மரம் இல்லை, மாடு இல்லை. கூரை வரைக்கும் வெறும் நிறம்.

"மாஸ்டர், உதுக்குள்ளை என்ன இருக்கு?"

"நிறம்."

"நிறத்துக்குள்ளை?"

"இன்னும் கொஞ்ச நிறம்."

பிறகு அவரே சொன்னார். "வெள்ளைக்காரன் வந்து பாத்திட்டு, உன்ரை சனத்தின்ரை துயரம் எங்கை எண்டு கேட்டான். என்ரை சனம் வந்து பாத்திட்டு, எங்கடை சனம் எங்கை எண்டு கேட்டுது. எனக்கு மஞ்சள் பிடிக்கும். அதை ஒருத்தரும் நம்பேல்லை."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் என்னிடமும் எல்லாரும் யாழ்ப்பாணத்துச் சண்டையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு குஞ்சும் கேட்டதில்லை.

புதன்கிழமைகளில் சனசமூக மண்டபத்தில் அவர் வகுப்பு நடத்தினார். வந்ததெல்லாம் எங்கள் அன்ரிமார். மயில், பிள்ளையார், தென்னைமரம் கீறப் பழகலாம் என்று வந்தவர்களை மூன்று கிழமையாகச் சாம்பல் நிறம் மட்டும் கலக்க வைத்தார். நாலாம் கிழமை, வண்டில் போர்வையைத் தூக்கிப் பார்த்த அதே அன்ரி எழும்பினார்.

"மாஸ்டர், மயில் எப்ப கீறுறது?"

"மயில் பறந்திட்டுது. அது நிண்ட இடத்தைக் கீறுங்கோ."

அன்ரியும் விடவில்லை. கீறிக்கொண்டுபோய்க் குசினியில் அடுப்புக்கு மேலே மாட்டினார். புருசன்காரர் பார்த்துவிட்டு "உது என்னப்பா?" என்றாராம். "மயில் நிண்ட இடம்." "மயில் எங்கை?" "அது போயிட்டுது. நீங்களும் கொஞ்சம் அரக்கி நில்லுங்கோ, எனக்கு வெளிச்சம் மறைக்குது."

இனி நான் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். கடையில் ஏன் அத்தனை ரின்கள் பிழைத்தன என்று நீங்கள் கேட்கவில்லை. செல்வண்ணையும் கேட்கவில்லை. மாஸ்டர் மட்டும்தான் கேட்டார். ஒருநாள் கராஜில் என் ரின்களையெல்லாம் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, "அந்தப் பச்சையை ஒருக்கால் எடு," என்றார். எடுத்துக் கொடுத்தேன். ரினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது மண்ணிறம். எவ்வளவு காலமா உனக்கு இப்பிடி?"

"பிறந்ததிலை இருந்து," என்றேன். பச்சையும் மண்ணிறமும் எனக்கு ஒன்றுதான். தொழிற்சாலை மூடி, ஐம்பது வயதில் வேலையில்லாமல் நின்றபோது, செல்வண்ணை "நிறம் கலக்கத் தெரியுமோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். அந்த ஒரு ஓமை வைத்துக்கொண்டு ஆறு வருடம் பயத்தில் வேலை செய்தேன்.

"செல்வண்ணைக்குத் தெரிஞ்சால் என்ரை வேலை போயிடும் மாஸ்டர்."

அவர் சேற்று நிறத்தில் நாலு அட்டைகளை எடுத்து என் முன்னால் வைத்தார். "இதிலை எத்தினை நிறம்?"

"நாலு."

"எனக்கு ரெண்டுதான் தெரியுது!" என்று அந்த ஆறடியும் எழும்பி ஆடத் தொடங்கியது. "நாப்பது வருசம் மாணவர்மாரோடை மாரடிச்சனான். இப்பிடி ஒரு கண் ஒருத்தனுக்கும் இல்லை!" ஆடி முடித்துவிட்டு, பச்சையைப் பிரித்தறியாத கண்ணுக்கே அந்த வித்தியாசம் பிடிபடுமென்று எனக்குப் பாடம் எடுத்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அன்று இரவு ஆறு வருடத்துக்குப் பிறகு நன்றாக நித்திரை கொண்டேன்.

அந்த நித்திரைக்கு உலை வைக்க ஒரு அன்ரி பக்கத்து ஊர் பிக்கரிங்கிலிருந்து வந்தார். புது வீட்டு வரவேற்பறைக்குப் பால் தேத்தண்ணி நிறம் வேண்டுமென்று ஒரு துணித்துண்டு தந்திருந்தார். அன்று பார்த்து மெஷின் படிக்கவில்லை. என் கண்தான் படித்தது. மூன்றாம் நாள் அன்ரி கடைக்குள் புயலாக நுழைந்தார். பின்னால் ரினோடு புருசன்காரர்.

"தேத்தண்ணி நிறம் கேட்டனான், குளத்துப் பாசியைத் தந்திருக்கிறியள்! அடுத்த ஞாயிறு குடிபூரல், ஐயர் வாறார், ஊர்ச்சனம் முழுக்க வருது! இந்த மனிசன் வேறை, காய்ஞ்சால் மாறும், காய்ஞ்சால் மாறுமெண்டு நாலு சுவரையும் அடிச்சு முடிச்சிட்டுது!"

"இன்னும் வடிவாக் காயேல்லை," என்றார் அவர் மெல்ல.

செல்வண்ணை ரினைத் திறந்தார். முகம் சிவந்தது என்று எழுதத்தான் ஆசை, ஆனால் எனக்கு அது தெரியாது. "என்னடா உது? பச்சைக்கும் மண்ணிறத்துக்கும் உனக்கு வித்தியாசம் தெரியாதே?"

ஏசுகிற வேகத்தில் வந்த பேச்சுத்தான். ஆனாலும் வாயைத் திறந்தால் உண்மை விழுந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"உது என்ரை பிழை."

தமிழில். தெளிவான தமிழில். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். மூலையில் வண்டிலோடு உது மாஸ்டர் நின்றார். அமெரிக்க நாக்குக்கு ழகரம் தண்ணீர்பட்ட பாடு, எங்களைவிடத் திருத்தமாகப் 'பிழை' என்பார். அந்தப் பச்சை தான் சொல்லிக் கலப்பித்த பச்சை என்றும், இந்தப் பையன் அதை அச்சொட்டாகக் கலந்தான் என்றும், தான்தான் ரினை மாறி எடுத்துக்கொண்டு போய்விட்டதாகவும் வாய் கூசாமல் அடித்துவிட்டார். பையனுக்கு அப்போது வயது ஐம்பத்தாறு. பிறகு தொப்பியைக் கழற்றி, தன்னைவிட இருபது வயது குறைந்த அந்தப் பெண்ணைப் பார்த்து, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி," என்றார். அதுவும் தமிழில். பிக்கரிங் புயல் அந்த இடத்திலேயே ஓய்ந்தது.

சொன்னதோடு நிற்கவில்லை. அடுத்தநாள் என்னையும் கூட்டிக்கொண்டு பிக்கரிங் போய் நாலு சுவரையும் தானே அடித்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் பத்தடி பின்னால் போய், கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு வருவார். அந்த வேலை விடிய எட்டு மணியிலிருந்து பொழுதுபடும் வரைக்கும் நடந்தது. கதவுக்குப் பின்னால் உள்ளங்கை அளவு பச்சையை மட்டும் விட்டுவிட்டார். அன்ரி அதை இன்னும் அழிக்கவில்லை என்று கேள்வி.

இந்தக் கூத்துக்குப் பிறகு செல்வண்ணை புது மெஷின் வாங்கினார். அது எதையும் படித்தது. பிழைகள் நின்றுபோயின. என் வேலை தப்பியது. சனிக்கிழமை மாஸ்டர் வந்து வெறும் மூலையைப் பார்த்தார்.

"பிழை?" என்றார் தமிழில்.

"இல்லை மாஸ்டர்."

வெறும் வண்டிலைத் தள்ளிக்கொண்டு போனார். என்னைக் காப்பாற்றப் போய்த் தன் நிறங்களை இழந்துவிட்டாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த சனி, வேண்டுமென்றே ஒரு ரினைக் குழப்பிக் கலந்து, மூடியில் "பிழை" என்று நானே எழுதி வைத்தேன். திறந்து பார்த்தார். தலையை ஆட்டினார். நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததாக ஞாபகமே இல்லாத ஒரு சொல்லைச் சொன்னார்.

"உது பிழை இல்லை. உது பொய்."

அதற்கடுத்த கிழமையிலிருந்து சனிக்கிழமை காலையில் மெஷினை நிப்பாட்டிவிட்டு, வாசலில் கிடக்கிற எதையாவது எடுத்துவந்து என் கண்ணால் பார்த்து, சரியாக வரவேண்டும் என்று முழு மனதோடு கலக்கத் தொடங்கினேன். ஒருநாளும் சரியாக வந்ததில்லை. மாஸ்டர் மூடியைத் திறந்து "பிழை!" என்று கடை அதிரக் கத்துவார். அந்தச் சொல்லை என் வாழ்நாளில் யாரும் எனக்கு அவ்வளவு சந்தோசமாகச் சொன்னதில்லை.

போன மாரிக் குளிருக்கு முன்னர் முழங்கால் இயலாமல்போய், அட்லாண்டாவில் இருக்கிற மகளிடம் போய்விட்டார். வண்டிலை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். இதைப் பத்திரிகைக்கு அனுப்ப முதல், நியாயப்படி செல்வண்ணைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். வேலையால் நிற்பாட்டினால் நிற்பாட்டட்டும் என்றுதான் சொன்னேன்.

"அப்ப, என்ரை வீட்டு ஹோலுக்கு நீதானே கலந்தனீ?"

"ஓம் அண்ணை."

"மனிசி இண்டைக்கும் அந்த நிறத்தை வடிவெண்டு புளுகுறாள். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. போய் வேலையைப் பார்."

இப்போதும் சனிக்கிழமைகளில் ஒரு ரின் கலக்கிறேன். வீடியோவில் மாஸ்டரைக் கூப்பிட்டு, மூடியைத் திறக்கிறேன். முதல்நாள் காட்டப் போனபோதே அவர் கையை உயர்த்தித் தடுத்துவிட்டார்.

"போனைத் தள்ளி வை. போன் நிறத்தைப் பொய்யாக் காட்டும்," என்றார். மடியில் வெறும் பலகை, கையில் தூரிகை. "நீ பாத்துச் சொல்லு. உது என்ன நிறம்?"