கறிச்சட்டியார் வீடு மாறினார்

றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த கரிகாலன், சும்மா இருக்காமல் கைபேசியை எடுத்துப் பார்த்தான். பார்த்தவன் எண்ணெய்ச் சட்டியை மறந்துபோனான். எட்டு றோல்ஸ் கருகின.

அவனுடைய வலைப்பதிவின் அடியில் முதலாளியின் பெயர் இருந்தது. ஒன்றிரண்டில் அல்ல, முன்னூற்றுப் பன்னிரண்டு பதிவுகளிலும். ‘எழுதியவர்: அருட்பிரகாசம்.’

தமிழ்க்கடைத் தெருவான லாச்சப்பலில் ‘கறிச்சட்டியார்’ என்றால் சாப்பாட்டுக்கடைக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும். எந்தக் கடை இடியப்பம் நேற்றையது, எந்தக் கடையில் ஆட்டுக்கறி என்று சொல்லி எலும்பைத் தருகிறார்கள் என்று 2009இலிருந்து புட்டுப்புட்டு வைக்கிற வலைப்பதிவர் அவர். பதின்மூன்று வருடமாகியும் ஆளை ஒருவருக்கும் தெரியாது. அருட்பிரகாசம் கடைக் குசினியில் வெங்காயம் வெட்டுகிற கரிகாலன்தான் அவர் என்று தெரிந்த ஒரே ஆள் சந்துரு.

கறிச்சட்டியார் இந்தக் கடையையும் விட்டுவைக்கவில்லை. ‘அருட்பிரகாசம் கடைச் சொதியில் தேங்காய்ப்பால் இருக்கிறது என்று முதலாளி கோயிலில் சத்தியம் பண்ணினால் மட்டும் நம்புங்கள்’ என்று எழுதியிருந்தார். சொதி வைத்தது கரிகாலனேதான். ஆனால் தேங்காய்ப்பால் டின்னைப் பூட்டி வைத்திருப்பது முதலாளி. நேரே கேட்டால், “உனக்கென்ன விசரே?” என்பார். கறிச்சட்டியார் எழுதினால் அடுத்த நாளே இரண்டு டின் வெளியே வரும். கரிகாலனுக்கு வாய்த்த தொழிற்சங்கம் அதுதான்.

இப்போது அவனுடைய விசா முடிய மூன்று கிழமை இருந்தது. புதுப்பிக்க முதலாளியின் வேலைக் கடிதம் வேண்டும். கேட்டுப் பத்து நாள். “தாறன், தாறன்” என்கிறார், தருவதாகக் காணோம். தன் சொதியை ஊரெல்லாம் நாறடித்தவன் தன் குசினிக்குள்ளேயே நிற்கிறான் என்று தெரிந்தால், கடிதம் உள்ளே இருக்கும், கரிகாலன் வெளியே இருப்பான்.

எல்லாம் சந்துருவால் வந்தது. சந்துரு கும்பகோணத்துப் பிள்ளை. சென் தெனியில் கம்ப்யூட்டர் வேலை. வியாழன்தோறும் இங்கே மதியச் சாப்பாடு.

“அண்ணே, உங்க பிளாக் திறக்கறதுக்குள்ள எனக்குப் பசியே போயிடுது. நடுவுல தொப்பை குறைக்கிற விளம்பரம் வேற. ஸ்டாட்டிக் சைட்டா மாத்திடலாம்” என்றான் போன வியாழன்.

“அதென்னது?”

“இப்ப ஒவ்வொரு ஆள் வரும்போதும் அடுப்பு பத்தவச்சு சமைச்சுக் குடுக்கிற மாதிரி. ஸ்டாட்டிக்னா எல்லாத்தையும் முன்னாடியே சமைச்சுக் கண்ணாடிப் பெட்டியில அடுக்கி வச்சிடறது. வந்தவன் எடுத்துட்டுப் போய்ட்டே இருப்பான்.”

றோல்ஸ் விற்கிறவனுக்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. கடைப் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு மேலே இருந்த மடிக்கணினியில் சந்துரு எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தான். திரையில் ‘போடு’ என்று ஒரு பொத்தான். “இதை அமுக்கினா மொத்தமும் புதுசாயிடும். இந்த ஃபைல்ல ஒரு வரி மாத்தினா முன்னூத்திப் பன்னெண்டு பக்கமும் மாறிடும். எழுதினவர் பேரு காலியா விட்டிருக்கேன், வேணும்னா போட்டுக்கங்க” என்றான். மறுநாள் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் பறந்துவிட்டான்.

கரிகாலன் அந்த வரியைக் காலியாகவே விட்டான். அதில்தான் இப்போது அருட்பிரகாசம் குந்திக்கொண்டிருந்தார்.

காரணம் கண்டுபிடிக்க அவனுக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. மடிக்கணினி முதலாளியுடையது. ஆசைப்பட்டு வாங்கி, இரண்டு விரலால் கொஞ்ச நாள் தட்டிப் பார்த்து, அலுத்துப்போய் அவனிடம் தள்ளிவிட்டவர். இன்றைக்கும் திறந்தால், ‘பொன்ஜூர், அருட்பிரகாசம்’ என்றுதான் வணக்கம் சொல்லும். கடவுச்சொல்கூட அவர் வைத்ததுதான், கரிகாலன் மாற்றவில்லை. காலியான வரியைக் கண்ட கணினி, பழைய விசுவாசத்தில் தன் முதலாளியின் பெயரை நிரப்பிவிட்டது. நன்றியுள்ள சாமான்தான், என்ன செய்வது.

பெயரை அழித்தான். ‘போடு’வை அமுக்கினான். நிம்மதியாக வீட்டுக்குப் போனான்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு வழக்கம்போல மீன் வாங்கப் போய், பத்து மணிக்கு வந்து பார்த்தால், ‘எழுதியவர்: அருட்பிரகாசம், உரிமையாளர்’ என்று இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் எதிர்க்கடைத் தவரத்தினம் கையில் கைபேசியோடு உள்ளே வந்தார். தெருக் கடைக்காரர் சங்கத்துக்கு ஆறு வருடமாக அவர்தான் தலைவர். அருட்பிரகாசம் மூன்று தரம் எதிர்த்துப் போட்டிக்கு நின்று மூன்று தரமும் தோற்றவர்.

“என்ரை தோசையைச் செருப்புத்தோல் எண்டு எழுதினது நீரோ?”

“நானோ? எனக்கு எழுத வருமே?” என்றார் முதலாளி.

கல்லாவில் இருந்த அவர் மனைவி கோசலையும், “சாமான் துண்டு எழுதவே பஞ்சிப்படுற மனிசன் இது” என்று ஒத்து ஊதினார்.

“உம்மடை பேர் கிடக்குது.”

“கிடந்தால் நான் என்ன செய்யிறது? நான் இல்லை எண்டு சொன்னால் நம்பவோ போறீர்?” என்று மெதுவாகச் சொல்லி, மீசையைத் தடவிக்கொண்டார்.

லாச்சப்பலில் ஒருவர் ‘நான் இல்லை’ என்று உரத்துச் சத்தம் போட்டால் கொஞ்சம் நம்புவார்கள். மெதுவாகச் சொன்னால் ஆள் அவர்தான். பின்னேரத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

குசினி ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த கரிகாலனுக்குப் பொறுக்கவில்லை. தான் செய்த வேலைக்கு ஒரு அப்பாவி மனிதர் பேச்சு வாங்குகிறாரே. வரி காலியாக இருப்பதுதான் சிக்கல் என்று நினைத்து, அதில் ‘கறிச்சட்டியார்’ என்று போட்டான்.

புதன்கிழமை மீனோடு திரும்பி வந்தபோது, ‘கறிச்சட்டியார் என்கிற அருட்பிரகாசம், உரிமையாளர்’ என்று இருந்தது.

சந்துருவுக்குச் செய்தி அனுப்பினான். ‘அண்ணே மண்டபத்துல இருக்கேன், வந்து பாக்கறேன்’ என்று பதில் வந்தது, கூடவே ஒரு தவில்காரரின் படமும்.

இனி இதை உயிரோடு விடக்கூடாது என்று முடிவெடுத்தான். பெயரை அழித்து, மின்சாரக் கம்பியைப் பிடுங்கி, மடிக்கணினியை மூடி, இரண்டு அரிசி மூட்டைகளுக்கு அடியில் வைத்தான். வியாழக்கிழமை மீன் வாங்கிவிட்டு வரும்போது கைபேசியைத் திறந்தான். பெயர் திரும்பி வந்திருந்தது. பக்கத்தில் முதலாளி கழுத்துப்பட்டி கட்டிச் சிரிக்கிற படமும் வந்திருந்தது. கீழே கடைத் தொலைபேசி இலக்கம்.

பின்னறைக்கு ஓடிப் பார்த்தான். மடிக்கணினி மூட்டைக்கு அடியிலேயே இருந்தது. சரிந்து கிடந்த மேல்மூட்டையை நிமிர்த்தி வைத்துவிட்டு, அதன் மேலேயே இருந்துவிட்டான். பழைய படங்களெல்லாம் அதற்குள் இருக்கும்தான். ஆனால் மூட்டைக்கு அடியில் கிடந்துகொண்டு வேலை செய்கிற சாமானை அவன் கேள்விப்பட்டதில்லை.

சனிக்கிழமை தவரத்தினம் வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனார். “நாளைக்குக் கூட்டம். உம்மைச் சங்கத்திலையிருந்து தூக்கிப்போட்டுத்தான் மற்ற அலுவல்.”

கரிகாலனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. விசா போனால் போகட்டும். கையைத் துடைத்துக்கொண்டு முதலாளியிடம் போனான்.

“அண்ணை, உங்களோடை ஒரு கதை.”

“கடிதமோ? திங்கள் தாறன்.”

“கடிதமில்லை அண்ணை. அந்தப் பதிவு எழுதினது வந்து...”

முதலாளி கையை உயர்த்தினார். “தம்பி, சில பாரத்தை மனிசன் தனியத்தான் சுமக்க வேணும். நீ ஒண்டும் சொல்லத் தேவையில்லை. இனிமேலும் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாதை. போய்ச் சொதியைப் பார்.”

கரிகாலனுக்குக் கண் நிறைந்துவிட்டது. மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், ஒரு வேலைக்காரனுக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். இப்படிப்பட்டவரையா சொதியில் பால் விடாதவர் என்று எழுதினோம் என்று கூசிப்போனான். அன்று பின்னேரமே பிள்ளையார் கோயிலுக்குப் போய், தேங்காய் உடைத்து, கர்ப்பூரத்தில் கை வைத்துச் சத்தியம் பண்ணினான். கறிச்சட்டியார் தான்தான் என்று உயிர் போனாலும் வாய் திறப்பதில்லை. பதின்மூன்று வருடம் சோறு தண்ணி பாராமல் எழுதியது. போகட்டும், நல்ல மனிதருக்குத்தானே போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வடை கொண்டுபோனவன், தட்டோடு பின்வரிசையில் நின்றான். தவரத்தினம் கறிச்சட்டியாரின் பதிவுகளை ஒவ்வொன்றாக உரத்து வாசித்தார். செருப்புத்தோல் தோசை, எலும்புக் கறி, நேற்றைய இடியப்பம். சபை கொதித்தது. வாசித்த வேகத்தில் அருட்பிரகாசம் கடைச் சொதியையும் சேர்த்து வாசித்துவிட்டார்.

மீன்கடை மரியகொறற்றி எழும்பினார்.

“கொஞ்சம் பொறுங்கோ. அது அவற்றை சொந்தக் கடையெல்லோ?”

“ஓம்” என்றார் தவரத்தினம்.

“தன்ரை கடைச் சொதியையே தண்ணி எண்டு எழுதின மனிசன், உங்கடை தோசையிலை பொய் சொல்லுவாரே? இஞ்சை உப்பிடி ஒருத்தரை நான் காணேல்லை. தலைவர் எண்டால் உவர்தான் சரி.”

முதலில் இரண்டு கை உயர்ந்தது. பிறகு இருபது. தவரத்தினத்தின் கை மட்டும் கைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தது. கழுத்தில் மாலை விழுந்ததும் அருட்பிரகாசம், “நான் பெரிசா ஒண்டும் எழுதேல்லை” என்றார். அன்று அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதற்குத்தான் கைதட்டலும் அதிகம்.

திங்கட்கிழமை வேலைக் கடிதம் முத்திரையோடு கைக்கு வந்தது. பூட்டியே கிடந்த தேங்காய்ப்பால் அலுமாரியின் திறப்பும் கைக்கு வந்தது. கடைக்கு வெளியே வரிசை நின்றது. கறிச்சட்டியாரின் கடையில் சொதி குடிக்கப் புறநகர்ப் பொண்டியிலிருந்து ஒரு குடும்பமே வந்திருந்தது. சொதி நன்றாகத்தான் இருந்தது, இப்போது பால் இருந்ததே. “எழுத்தும் கைவசம், சமையலும் கைவசம்” என்று அந்தக் குடும்பத்து மனிதர் முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குசினிக்குள் நின்ற கரிகாலனுக்கு எங்கோ குத்தியது. வெங்காயம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை மீன் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தபோது, ‘கறிச்சட்டியார் என்கிற அருட்பிரகாசம், தலைவர்’ என்று மாறியிருந்தது. கரிகாலன் மடிக்கணினியை மூட்டைக்கு அடியிலிருந்து எடுத்து, தூசி தட்டி, மரியாதையாக மேலே வைத்தான்.

அடுத்த வியாழன், கல்யாணப் பலகாரப் பையோடு சந்துரு வந்து சேர்ந்தான். கரிகாலன் அவனைக் கையைப் பிடித்துப் பின்னறைக்குக் கூட்டிப்போனான். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். சந்துருவுக்குத் தெரிந்த விஷயம்தானே, சத்தியத்துக்குப் பங்கமில்லை என்று ஒரு சமாதானம்.

“பேர் போட்டது சரி, அது இவற்றை கணினி. படம் போட்டதும் சரி, படம் உள்ளுக்கை கிடக்குது. எனக்கு விளங்காதது ஒண்டுதான் சந்துரு. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்திலை நடந்த தெரிவு, மூட்டைக்குக் கீழை கிடந்த இதுக்கு எப்பிடித் தெரிஞ்சுது? நல்ல கெட்டிக்காரச் சாமான்தான்.”

சந்துரு அதிரசத்தைக் கடித்தபடி அந்தக் கோப்பைத் திறந்தான். இன்னும் எதையோ திறந்தான். மெல்லுவதை நிறுத்தினான். வெளியே கல்லாப் பக்கம், முதலாளியோடு நின்று யாரோ படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணே, அந்த வரி காலியா இருந்தா காலியாத்தான் இருக்கும், கம்ப்யூட்டர் தானா ஒண்ணும் போடாது. தினமும் காலைல ஒன்பதரை மணிக்கு யாரோ இங்க உக்காந்து டைப் பண்ணிருக்காங்க. அப்ப அது நீங்க இல்லையா?”